ஈப்போ வரைக்கும் ஒரு பக்கம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போக, செம்மோர் பக்கம் லாரி எதுவும் மறிக்காவிட்டால், ஏறக்குறைய அரை மணி நேரம். அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கமும் அரை மணி நேரம்தான். பிடித்த பாட்டுகளை இன்னொருவருக்குக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் அளவு இதுவே: ஈப்போ வரைக்கும் ஒரு பக்கம். ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு.

இப்போது நம் ஊரில் நடப்பது வேறு.

"அண்ணே, பெண்டிரைவ்ல என்ன பாட்டெல்லாம் இருக்கு?"

"ஆயிரத்து இருநூறு பாட்டு இருக்குடா தம்பி. அப்படியே காப்பி பண்ணிக்கோ."

தம்பியும் காப்பி பண்ணிக்கொள்வார். காரில் செருகுவார். முதல் பத்துப் பாட்டைத் தாண்டிப் போகமாட்டார், ஏனென்றால் வண்டியை அணைத்துப் போட்டால் சில பிளேயர்கள் மறுபடி ஒன்றாம் பாட்டிலிருந்தே தொடங்கும். அண்ணனுக்கு உயிரான அந்த ஒரு பாட்டு எண்ணூற்று நாற்பதாவது இடத்தில் கிடக்கும். ஆயிரத்து இருநூறு பாட்டைக் கொடுப்பது வீடு மாறும்போது சாமான் ஏற்றி அனுப்புகிற மாதிரி. எது அம்மாவின் குத்துவிளக்கு, எது உடைந்த நாற்காலி என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

பிடித்த ஐம்பது பாட்டை ஆறாக்குவதுதான் முதல் வேலை. சல்லடை ஒன்று உண்டு. ஒவ்வொரு பாட்டிலும் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது தபேலா ஒரு நொடி நிற்கும், அங்கே" என்று இடத்தைத் தொட்டுச் சொல்ல முடிந்தால் அந்தப் பாட்டு நிற்கட்டும். "மொத்தமா நல்லா இருக்கும்" என்றுதான் வருகிறது என்றால் ஒதுக்குங்கள். படத்தில் அந்தக் காட்சி பிடித்ததால் பிடித்த பாட்டு, கல்யாணத்தில் போட்டதால் பிடித்த பாட்டு இரண்டும் உங்களுடையவை. அவற்றை அடுத்தவர் காதுக்குள் கொண்டுபோக வழியில்லை. முழு ஆல்பமே பிடித்திருந்தால் எல்லாரும் அறிந்த பாட்டை விட்டுவிட்டு, அதே ஆல்பத்தில் யாரும் தொடாத ஒன்றை எடுங்கள். பிரபலமானதை அவர் ஏற்கெனவே பசார் மாலாம் இரவுச் சந்தையில் நூறு தடவை கேட்டிருப்பார்.

அடுத்தது, எந்தப் பதிவு? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரே பாட்டு ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏழெட்டு இடத்தில் கிடக்கும். 'சூப்பர் ஹிட்ஸ்', 'பொன்னான பாடல்கள்' என்ற தொகுப்புகளில் இருப்பது அசல் பதிவாகவும் இருக்கலாம். பின்னால் வேறு பாடகரை வைத்துப் பாடிப் பதிந்ததாகவும் இருக்கலாம். பழைய மோனோ (ஒற்றைத் தட) பாட்டின் மேல் புதிதாக டிரம்ஸ் அடித்துச் சேர்த்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். பல நேரம் அது அந்தத் தொகுப்பு வெளியான ஆண்டு; பாட்டின் ஆண்டு அல்ல. படத்தின் பெயரிலேயே உள்ள ஆல்பத்தைத் தேடி, பாடகர் பெயரையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதியைக் காதுதான் தீர்க்க வேண்டும். 1960-களின் பாட்டில் தாளம் மட்டும் கண்ணாடி போலத் துலக்கமாகவும், குரல் போர்வைக்குள் இருப்பது போலவும் கேட்டால், அந்தத் தாளம் பிறகு ஒட்டியது. இன்னொன்று: பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் அடங்கும். அதனால் அந்தக் காலப் பாட்டுகளில் படத்தில் வருவது நீளமாகவும் தட்டில் இருப்பது சுருக்கமாகவும் இருப்பதுண்டு. எது அசல் என்று சண்டை போட்டுப் பயனில்லை. எதைக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

கடையில் இன்றும் கிடைக்கிற ஆல்பம் என்றால் பாட்டின் சுட்டியை அனுப்புங்கள், அல்லது சிடியை வாங்கிக் கொடுங்கள். இனி வரும் கேசட் வேலை முழுக்க, வேறெங்கும் கிடைக்காமல் உங்கள் அலமாரியில் மட்டும் இருப்பவற்றுக்கு.

நம் லயத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்த வீடுகளிலும் பிஸ்கட் டின்னுக்குள் கேசட் இன்னும் இருக்கிறது. ரேடியோ 6 இன்று மின்னல் எஃப்.எம். ஆகிவிட்டது, அன்று அதிலிருந்து நேராகப் பதிந்த கேசட்டுகளும் அவற்றுள் உண்டு. பாட்டு தொடங்கும்போது அறிவிப்பாளர் குரல் மேலே விழுந்திருக்கும். அதை வெட்டி எறியாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும், அந்த அறிவிப்பு கிடைக்காது.

டின்னைத் திறந்ததும் கேசட்டைப் பிளேயரில் போடத்தான் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். முதலில் நடு ஜன்னல் வழியாக நாடா சுற்றைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி மாதிரி, வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு இதுதான் முதல் எதிரி. அதை அப்படியே ஓட்டினால் பொடி, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுகளுக்கும் பரவும், நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுபட்டு அறுந்தும் போகலாம். பூஞ்சணம் பிடித்ததைத் தனியாக எடுத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். காய்ந்தால்தான் பொடி உதிரும். பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் விளிம்பைத் துடைக்கலாம். ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் கழற்றித் துடைத்து, நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் கத்தியால் நெம்பிப் பிளக்க வேண்டியிருக்கும். முதல் தடவை அதை உயிரான கேசட்டில் செய்து பார்க்காதீர்கள். அரசியல் கூட்டப் பேச்சு எதையாவது எடுத்துப் பழகுங்கள்.

பிளேயர் விஷயத்தில், கையடக்கமாக யுஎஸ்பி வாலோடு மலிவாக விற்கிற கேசட் மாற்றிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றின் மோட்டார் சீராக ஓடாது. நீண்டு ஒலிக்கும் வயலினும் நாதஸ்வரமும் அலையடிக்கும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மாமா வீட்டில் தூசி படிந்து நிற்கும் பழைய கேசட் டெக் எவ்வளவோ மேல். அதில் பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பாட்டு போகப்போக மெதுவாவது பெரும்பாலும் அந்த ரப்பர் பெல்ட்டால்தான்.

ஹெட்டைத் துடைக்க ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மருந்துக் கடையில் 70 விழுக்காடு கிடைக்கும், அதில் தண்ணீர் அதிகம். 90-க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள். பஞ்சுக் குச்சியில் நனைத்து ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் இரும்புத் தண்டான கேப்ஸ்டனையும் துடைத்தால் காபிப் பொடி நிறத்தில் அழுக்கு வரும். அது பழைய நாடாக்களிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. குச்சி வெள்ளையாகவே திரும்பும் வரை துடைக்க வேண்டும். கேப்ஸ்டனோடு சேர்ந்து உருளும் ரப்பர் உருளையில் மட்டும் ஆல்கஹாலைத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள், ரப்பர் காய்ந்து வெடிக்கும். சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். எல்லாம் உலர ஐந்து நிமிடம் விடுங்கள்.

கேசட்டை முன்னும் பின்னும் ஒரு தடவை முழுக்க ஓட்டிவிடுங்கள். பல ஆண்டு அசையாமல் கிடந்த நாடாவில் இறுக்கம் சீராக இருக்காது. பாட்டு மந்தமாக, தலையணைக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டால் கேசட்டின் வாய்ப்பகுதியைப் பாருங்கள். செம்புத் தகட்டின் நடுவே ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால், வேறு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடுங்கள்.

துண்டு சரியாக இருந்தும் மந்தமாகக் கேட்டால் கோளாறு ஹெட்டின் சாய்வில். அசிமத் என்பார்கள். பதிந்த எந்திரத்தின் ஹெட்டும் உங்கள் எந்திரத்தின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் மேல் சுரங்கள் எல்லாம் அழிந்துபோகும். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் கோர்த்த சின்னத் திருகாணி இருக்கும். பாட்டை ஓடவிட்டு, ஒலியை மோனோவாக மாற்றிக்கொண்டு, திருகாணியை இந்தப் பக்கம் அரைக்கால் சுற்று, அந்தப் பக்கம் அரைக்கால் சுற்று திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளியில் திரை விலகியது போல ஜால்ராவும் பாடகரின் 'ச'காரமும் திடீரென்று துலங்கும். அங்கேயே நிறுத்துங்கள். தொடங்குவதற்கு முன் திருகாணி நின்ற நிலையைப் பேனாவால் குறித்து வைப்பது நல்லது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்தப் புள்ளி மாறும். இதைச் செய்யாமல் கணினியில் டிரிபிள் என்னும் மேல் சுர அளவை ஏற்றிக்கொள்கிறார்கள். இரைச்சல்தான் ஏறும்.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி விசையை, கேசட்டின் உறையில் டால்பி குறி இருந்தால் மட்டும் போடுங்கள். குறி இல்லாததற்குப் போட்டால் இரைச்சல் குறைந்தது போலத் தோன்றும், கூடவே பாட்டின் மினுக்கமும் போயிருக்கும்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து கணினிக்கு எடுக்க வேண்டும். மடிக்கணினியில் ஒரே துளைதான் இருக்கிறது என்றால் அதில் உள்ளே போவது மைக் மட்டும், அதுவும் மோனோ. யுஎஸ்பி ஒலி இடைமுகம் ஒன்று தேவைப்படும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், அது போதும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, பாட்டின் மிகச் சத்தமான இடத்தில் முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள். சத்தம் போதவில்லை என்றால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், மேல் முட்டி உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உள்ள வெற்று நாடாவையும் ஐந்தாறு நொடி சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். அந்தச் சும்மா இரைச்சல்தான் பிறகு இரைச்சல் நீக்கலுக்கு மாதிரி. நீக்கும்போது 6 முதல் 9 டெசிபல் வரை போதும். 15, 20 என்று இழுத்தால் கஞ்சிராவும் மூச்சும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் குமிழியிடும். இரைச்சலோடு கேட்டுவிடலாம், குமிழியோடு கேட்க முடியாது.

வேகத்தையும் பாருங்கள். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். உங்கள் பதிவில் நாலரை நிமிடப் பாட்டு எட்டு நொடி கூடுதலாக ஓடினால் எந்திரம் 3 விழுக்காடு மெதுவாக ஓடுகிறது. சுருதி கால் கட்டை இறங்கியிருக்கும். ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் நடுவே பாட்டு தொங்கும். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் கட்டளையைத்தான் போட வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைப் போட்டால் நீளம் அப்படியே நிற்கும், கோளாறும் பாதியில் நிற்கும்.

மோனோ காலத்துப் பாட்டை ஸ்டீரியோவாக வைத்திருப்பதில் லாபமில்லை. அசிமத் சரியாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாக்குங்கள், இரைச்சல் 3 டெசிபல் இறங்கும். அசிமத் சரியில்லாமல் சேர்த்தால் இருந்த மேல் சுரமும் போய்விடும். அப்படிப்பட்ட பதிவில் இரண்டில் நன்றாக இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே மேல்.

சில கேசட்டில், குறிப்பாகத் தொண்ணூறு, நூற்றிருபது நிமிட நாடாக்களில், பாடகர் பாடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அதே வரி பேய்க்குரலில் மெல்லக் கேட்கும். பயப்பட வேண்டாம். சுற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகள் தம் காந்தத்தைப் பக்கத்து அடுக்கில் பதித்துவிடுகின்றன. அறுபது நிமிட நாடா 16 முதல் 18 மைக்ரான் கனம், தொண்ணூறு 12, நூற்றிருபது 9. மெலிய மெலிய இந்தப் பேய் கூடும். இதை நீக்க வழியில்லை. முதல் பாட்டின் தொடக்கத்தை மட்டும் மெல்ல ஏற்றிவிட்டால் பாதி மறைந்துவிடும்.

வரிசைக்கு வருவோம். முதல் பாட்டு இருபது நொடிக்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். நீளமான முன்னிசை உள்ளதை மூன்றாவதாக வையுங்கள், அதற்குள் கேட்பவர் உட்கார்ந்திருப்பார். உச்சஸ்தாயிப் பாட்டுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது கத்தலாகக் கேட்கும். ஒரு பாட்டு முடிந்த சுருதியை முனகிக்கொண்டே அடுத்த பாட்டின் முதல் வரியைப் பாடிப் பாருங்கள். அரைக்கட்டை வித்தியாசத்தில் மோதினால் பல் கூசும். இடையில் வேறொன்றை நுழையுங்கள். இடைவெளி இரண்டு நொடி. சோகப் பாட்டுக்குப் பிறகு நாலு நொடி விடலாம்.

எடுத்துக்காட்டாக என் கையிலுள்ள ஒரு பக்கம்.

முதலில் 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) படத்தின் 'கோடைகாலக் காற்றே'. 1944-இல் மலாயாவில் பிறந்த மலேசியா வாசுதேவனின் குரல். அவரைக் குத்துப் பாட்டுக்காரர் என்று மட்டும் நினைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். குரலை எங்கும் தள்ளாமல், வரியின் முடிவில் காற்றைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போவதைக் கேளுங்கள். இரண்டாவது, 'திருடா திருடா' (1993) படத்தின் 'ராசாத்தி'. சாகுல் ஹமீது பாட, வாத்தியங்கள் செய்ய வேண்டிய வேலையைக் கோரஸ் குரல்களே செய்கின்றன. மறைந்துகொள்ள மத்தளமோ கிடாரோ இல்லாததால் கேசட்டின் இரைச்சல், வேகக் கோளாறு எல்லாம் இதில் அப்பட்டமாகத் தெரியும். எந்திரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல பாட்டு கிடையாது. மூன்றாவது 'முதல் மரியாதை' (1985) படத்தின் 'பூங்காற்று திரும்புமா'. மறுபடி வாசுதேவன், இப்போது சிவாஜிக்காக. அவர் கேட்கிறார், ஜானகி பதில் சொல்கிறார். கேள்வி இறங்குகிற இடத்தில் பதில் எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். ஒரே ஆளை ஒன்றாவதாகவும் மூன்றாவதாகவும் வைத்தது வேண்டுமென்றே. இரண்டு குரலும் ஒருவருடையதுதானா என்று கேட்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நாலாவது 'கர்ணன்' (1964) படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 'உள்ளத்தில் நல்ல உள்ளம்'. சக்கரவாக ராகத்தின் சாயல். இது மோனோ, மேலே சொன்ன சேர்த்தல் வேலையை இதில் செய்து பாருங்கள், சீர்காழியின் குரல் நடுவில் தூண் மாதிரி நிற்கும். இதற்குப் பிறகு வேறு எந்தப் பாடகரும் உடனே எடுபடமாட்டார், அதனால் ஐந்தாவதில் குரலே இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பத்திலிருந்து 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி அது. ராஜா அதைச் சுற்றித் தன் வரிகளை நெய்திருக்கிறார். முதல் தடவை வயலினோடு போங்கள். இரண்டாம் தடவை வயலினை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், வேறொரு பாட்டு கிடைக்கும். படப் பாட்டு மட்டும் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் அடுத்ததுக்குத் தாவப் பார்ப்பார்கள். அதனால்தான் இது ஐந்தாவது. செம்மோரைத் தாண்டிவிட்டால் யாரும் கை நீட்டி மாற்றுவதில்லை.

ஆறும் ஏழும் ஒரே பாட்டு. 'நிழல்கள்' (1980) படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து'. ஒட்டினாற்போல, நம் ஊர் யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் செய்த 'மடை திறந்து'. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். பழையதிலிருந்து எதை எடுத்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது ஒட்டி வைத்தால்தான் தெரியும். யோகி பி அதற்கு முன்னால் இருந்த பொயட்டிக் அம்மோ குழு, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று பல மொழியில் ராப் செய்தது. 'வல்லவன்' அங்கிருந்து வளர்ந்த கிளை. ஏழு பாட்டும் சேர்ந்து அரை மணியைச் சற்றுத் தாண்டும். ஈப்போவில் இரண்டு சிவப்பு விளக்கில் நின்றால் சரியாக முடியும். தமிழ் தெரியாத நண்பருக்குத் தருகிறீர்கள் என்றால் நாலாவதை எடுத்துவிட்டு, பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் இசைக்குழு பாடிய மலாய்ப் பாட்டு ஒன்றை வையுங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

1964-ஐயும் 2006-ஐயும் அருகருகே வைத்தால் சத்தம் ஒத்துப்போகாது. பழையதற்கு ஒலியைக் கூட்டிவிட்டு, அடுத்த பாட்டில் வண்டியே அதிரும். ஆடாசிட்டியின் சத்தச் சமன்பாட்டில் எல்லாவற்றையும் மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ். என்ற சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதே பெட்டியில் மோனோவை இரட்டை மோனோவாக எடுத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று இருக்கும், அதில் குறி விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோனோ பாட்டு மட்டும் கணக்கில் 3 டெசிபல் பிசகும். ஏற்கெனவே எம்.பி.3-யாகவே இருக்கும் பாட்டுக்கு எம்.பி.3 கெயின் என்ற மென்பொருள் போதும். அது 1.5 டெசிபல் படிகளில் சத்தத்தை மட்டும் மாற்றும், மறுபடி சுருக்காததால் தரம் குறையாது. பாட்டுக் கோப்பில் குறிப்பாக மட்டும் எழுதிவைக்கும் சமன்பாட்டு முறைகளைப் பெரும்பாலான கார் பிளேயர்கள் கண்டுகொள்வதில்லை.

பெண்டிரைவ்: 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய மைவி, சாகா வண்டிகளின் பிளேயர் வேறு எதையும் படிக்காமல் போகலாம். மூலப் பதிவைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வீட்டில் வைத்துக்கொண்டு, காருக்கு 320 கிலோபிட் எம்.பி.3 கொடுங்கள். அரை மணிக்கு 72 எம்பிதான் வரும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், தமிழில் எழுதினால் பல திரைகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பெயருக்கு முன்னால் 01, 02 போட்டும் வரிசை மாறி ஓடுகிறதா? அந்தப் பிளேயர் பெயரைப் பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டது என்றுதான் பார்க்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக, 01 முதலில், காப்பி பண்ணினால் சரியாகிவிடும். ஒரு பாட்டும் ஓடாத வெற்று எண்கள் திரையில் வந்தால் அது ஆப்பிள் கணினி விட்டுச்சென்ற மறைகோப்பு. வேறு கணினியில் போட்டு அழியுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். ஸ்பீக்கர் முன்னால் போனைப் பிடித்துக் குரல் செய்தியாக அனுப்புவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது பேச்சுக்காகச் சுருக்குகிற முறை, தம்புரா அதில் கொசு மாதிரி கேட்கும்.

பத்துப் பேர் கூடிக் கேட்பதென்றால் ஆளுக்கு இரண்டு பாட்டு. நாலரை நிமிடக் கணக்கில் பாட்டே ஒன்றரை மணி நேரம், பேச்சும் தே தாரேக்கும் சேர்த்தால் இரண்டரை மணி. காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பிற்பகல் மழை பிடித்தால் தகரக் கூரை மண்டபத்தில் பாக்கும் கேட்காது, சீர்காழியும் கேட்காது. ஒற்றை புளூடூத் டப்பா ஸ்டீரியோவை ஒன்றாக்கிவிடும். சின்ன ஸ்பீக்கரானாலும் இரண்டு வேண்டும், காது உயரத்தில், இரண்டு மீட்டர் இடைவெளியில், சுவர் மூலையைவிட்டுத் தள்ளி. பாட்டைக் கொண்டுவந்தவர் தொடங்குவதற்கு முன் மூன்று வாக்கியம் பேசலாம்: யார், எந்த ஆண்டு, எந்த இடத்தைக் கேட்க வேண்டும். பாட்டு ஓடும்போது "இதோ, இப்போ வருது பாருங்க" என்று சொல்பவருக்கு அடுத்த சுற்றுத் தேநீர்ச் செலவு. முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். "எந்த இடம்?" என்று கேளுங்கள்.

ஒரு பக்கத்தைக் கொடுக்கும்போது ஒரு துண்டு அட்டையும் கொடுங்கள். கேசட் உறைக்குள் மடித்து வைப்போமே, அந்த அளவு. பாட்டு, படம் அல்லது ஆல்பம், ஆண்டு, பாடியவர், இசை, எதிலிருந்து எடுத்தது, வேகத்தையோ இரைச்சலையோ மாற்றினீர்களா என்பது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நம் ஈரத்துக்கு ஊறிவிடும். அட்டையின் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள், வாங்கியவர் தன் பக்கத்துப் பாட்டுகளை எழுதித் திருப்பிக் கொடுக்க.